சாவியைக் காத்த வரலாறு

பொருளைத் தேடுவோர் பலர்; தேடிய பொருளை வைக்கும் இடம் அறிந்தோர் சிலர். நெல்லைக் குதிரில் வைத்தனர் நம் முன்னோர். நகையைப் பெட்டகத்தில் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்தனர் நம் தாய்மார். தோட்டப்புறத்தில் என் பாட்டியார் பால்வெட்டுக் கூலியைப் பால்மாவு டின்னில் இட்டு அடுப்படியில் புதைத்து வைத்திருந்ததை நான் சிறு பிள்ளையாகக் கண்டிருக்கிறேன். அவர் இறந்த பின் அந்த டின்னைத் தேடி என் சிற்றப்பா மூன்று இடங்களில் தோண்டினார் என்பதும் நினைவில் இருக்கிறது.

இன்று மண்ணிலும் புதைக்க இயலாத, பெட்டியிலும் பூட்ட இயலாத ஒருவகைச் செல்வம் தோன்றியிருக்கிறது. மின்னிலக்க நாணயம் என்று நம் நாளிதழ்கள் குறிக்கும் பிட்காயினும் அதன் வழித்தோன்றல்களுமே அவை. அதை வாங்குவது தக்கதா, தகாததா என்னும் வழக்கில் நான் நுழையப் போவதில்லை. வாங்கியோர் நம்மிடையே இருக்கின்றனர். என் பழைய மாணவருள்ளும் இருக்கின்றனர். அவர்கள் அச்செல்வத்தைக் கணினியிலும் கைப்பேசியிலும் வைத்திருந்த நிலையிலிருந்து, தனியாக அமைந்த ஒரு சிறு கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் எவ்வாறு பிறந்தது? மாற்றும்போது இன்னின்ன செய்க, இன்னின்ன செய்யற்க என்று இன்று ஓதப்படும் எச்சரிக்கைகள் எந்தெந்த இழப்பிலிருந்து பிறந்தன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியவன் ஒரு மாணவன். எங்கள் பள்ளியில் ஆறாண்டு பயின்றவன். இப்போது ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நான்கு ஆண்டுச் சேமிப்பில் ஒரு பகுதியைப் பிட்காயினாகக் கைப்பேசியில் வைத்திருந்தான். அக்கைப்பேசி மழைநீரில் விழுந்து உயிர்விட்டது. சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும், புதிதாக வாங்கிய பெருவிரல் அளவுள்ள கருவி ஒன்றையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "ஐயா, நீங்கள் பக்கத்தில் இருங்கள், கை நடுங்குகிறது" என்றான். அவன் கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

பணப்பையில் பணம் இல்லை

முதற்கண் ஒரு சொற்குழப்பத்தை நீக்க வேண்டும். பணப்பை என்று பெயரிட்டுவிட்டதால் அதற்குள் பணம் இருப்பதாக மக்கள் எண்ணுகின்றனர். இல்லை. பிட்காயின் என்பது உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகளில் ஒரே படியாக எழுதிவைக்கப்பட்ட ஒரு பேரேடு. எந்த முகவரிக்கு எவ்வளவு உரியது என்பதே அதில் உள்ள செய்தி. அந்த முகவரிக்குரிய தொகையைப் பிறருக்கு எழுதித் தரும் உரிமை எவரிடம் மறைச்சாவி இருக்கிறதோ அவரிடம் இருக்கிறது. மறைச்சாவி என்பது ஒரு மாபெரும் எண், வேறொன்றுமில்லை. பணப்பை எனப்படுவது அந்த எண்ணைக் காத்து, வேண்டும்போது அதைக் கொண்டு கையொப்பமிடும் பொறி. ஆகவே ஒரு பணப்பையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதென்றால், காசு நகர்வதில்லை. பேரேட்டில் பழைய சாவியின் பெயரிலிருந்த தொகை புதிய சாவியின் பெயருக்கு எழுதப்படுகிறது. நிலப்பட்டா மாற்றுவதை ஒத்தது இது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சாவியை இழந்தால் யாரிடம் முறையிடுவது? யாரிடமும் முடியாது. வங்கியில் அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கை மீட்பதுபோல ஈண்டு மீட்பாரில்லை. சாவியைக் கண்டவன் எவனோ அவனே உரியவன் என்று பேரேடு கொள்ளும். இதனாலேயே சாவியைக் காக்கும் கலை இந்நாணயத்தின் வரலாற்றில் பாதியாகிவிட்டது.

கோப்பில் கிடந்த சாவி

சத்தோசி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் எழுதிய ஒருவரோ பலரோ 2008 அக்டோபர் 31ஆம் நாள் இந்நாணயத்தின் அமைப்பை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். 2009 சனவரி 3ஆம் நாள் பேரேட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. அந்நாளைய மென்பொருள், சாவிகள் அனைத்தையும் 'வாலட்.டாட்' என்னும் ஒரே கோப்பில் இட்டுவைத்தது. அதற்குப் பூட்டுமில்லை, கடவுச்சொல்லுமில்லை. எவன் அந்தக் கோப்பைப் படியெடுத்தானோ அவன் செல்வனானான். காசுக்கு மதிப்பே இல்லாத அக்காலத்தில் இதை யாரும் பெரிதாகக் கருதவில்லை.

முதற் பெருங்கேடு திருட்டால் வந்ததன்று, எச்சரிக்கையால் வந்தது. 2010 ஆகஸ்டில் ஒருவர் ஏறத்தாழ 9,000 பிட்காயின் வைத்திருந்தார். அறிவாளி, வட்டிலிருந்து இயங்கும் லினக்ஸ் முறைமையைப் பயன்படுத்தினார். கணினியை அணைத்தால் அதில் ஒரு சுவடும் மிஞ்சாது. கோப்பின் படியை ஒரு சிறு நினைவுக்குச்சியில் காத்துவைத்தார். பிறகு எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க 1 பிட்காயினைத் தமக்கே அனுப்பிச் சோதித்தார். சோதனை வென்றது, கணினியை அணைத்தார். பின்பு படியைத் திறந்து பார்த்தால் 8,999 பிட்காயினைக் காணோம்!

ஏன்? கடையில் பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்து ஒரு வெள்ளிக்குச் சாமான் வாங்கினால், நோட்டைக் கிழித்தா தருகிறோம்? முழு நோட்டையும் கொடுத்து ஒன்பது வெள்ளி பாக்கி வாங்குகிறோம். பிட்காயினும் அவ்வாறே. 9,000 முழுமையும் வெளியே போய், ஒன்று ஒரு முகவரிக்கும், மிச்சம் 8,999 மென்பொருள் அப்போதே புதிதாக உண்டாக்கிய மற்றொரு முகவரிக்கும் சென்றன. அந்தப் புது முகவரிக்குரிய சாவி, அவர் முன்பே எடுத்துவைத்த படியில் இல்லை. கணினியை அணைத்தபோது அது அழிந்தது. அத்தொகை பேரேட்டில் எல்லாருக்கும் தெரியக் கிடக்கிறது, எடுப்பாரில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில், நூறு சாவிகளை முன்கூட்டியே உண்டாக்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு மென்பொருளில் சேர்க்கப்பட்டது. நூறு தீர்ந்தால் மீண்டும் படியெடுக்க வேண்டும் என்பது வேறு தொல்லை.

திருட்டு அடுத்து வந்தது. 2011 சூனில் ஒருவருடைய விண்டோஸ் கணினியிலிருந்து 25,000 பிட்காயின் களவு போயிற்று. அந்நாள் மதிப்பில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் அமெரிக்க டாலர். அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 0.4.0 பதிப்பில்தான் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி முதன்முதலாக வந்தது. ஆயினும் கையொப்பமிடும் நொடியில் பூட்டைத் திறந்தாக வேண்டுமல்லவா? கணினிக்குள் கள்ளன் ஒளிந்திருந்தால் அந்நொடி அவனுக்குப் போதும்.

இழப்பு எல்லாம் களவன்று. வேல்சு நாட்டு நியூபோர்ட் நகரத்தவரான ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பாரின் வன்தட்டு 2013இல் குப்பைக்குப் போயிற்று. ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்குரிய சாவி அதில் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நகராட்சியோடு பல்லாண்டு போராடினார். 2025 சனவரியில் உயர்நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. என் சிற்றப்பா தோண்டிய மூன்று குழிகள் இச்செய்தியைப் படித்தபோது என் கண்முன் வந்தன.

சொல்லாகிய சாவி

தமிழாசிரியர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இது. கோப்பு அழியும், தட்டு தேயும், குச்சி தொலையும். எண்ணைத் தாளில் எழுதலாமென்றால் அது நீண்ட எழுத்துக்கோவை. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எல்லாம் பாழ். மாந்தர் பிழையின்றி எழுதவும் படிக்கவும் நினைவிற்கொள்ளவும் ஏற்றது எது? சொல்!

2011 நவம்பரில் தாமஸ் வோட்லின் என்பவர் வெளியிட்ட எலெக்ட்ரம் என்னும் மென்பொருள் பணப்பை இவ்வுண்மையைக் கைக்கொண்டது. மூல எண்ணைப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாக மாற்றிக் காட்டியது. அதன் சொற்பட்டியலில் 1,626 சொற்கள் இருந்தன. அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன தெரியுமா? இக்கால ஆங்கிலக் கவிதைகளில் மிகுதியாகப் பயிலும் சொற்களின் பட்டியலிலிருந்து! கவிதையால் காசுக்குப் பயனில்லை என்று சொல்வோர்க்கு விடைகூற இதைவிடச் சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

2012 பிப்ரவரியில் பீட்டர் வுய்லே என்பார், ஒரே மூல எண்ணிலிருந்து எண்ணற்ற சாவிகளைக் கிளைகிளையாகப் பிறப்பிக்கும் முறையை வகுத்தார். 2010இல் 8,999 காசை விழுங்கிய குறை இதனால் தீர்ந்தது. விதை ஒன்றைக் காத்தால் மரம் முழுதும் காக்கப்படும். இனி வரப்போகும் கிளைகளும் அதில் அடங்கும். 2013 செப்டம்பரில் மாரெக் பாலாட்டினுஸ், பாவோல் ருஸ்னாக் முதலிய நால்வர், பணப்பைகள் பலவும் ஏற்கத்தக்க பொதுச் சொற்பட்டியலை முன்வைத்தனர். 2,048 சொற்கள், எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே வேறுபடுத்தி அறியலாம். பன்னிரண்டு சொற்களால் அமையும் செல்லத்தக்க தொடர்கள் எத்தனை இருக்கக்கூடும் என்று கணக்கிட்டால் 39 இலக்கமுள்ள எண் வருகிறது. இவற்றை விதைச்சொற்கள் என்பர்.

அதில் நுட்பமொன்று உண்டு. பன்னிரண்டு சொற்களுள் கடைசிச் சொல் முற்றிலும் தன்னிச்சையானதன்று. மற்றவற்றோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் ஒரு குறி அதில் அடங்கியுள்ளது. சொல்லொன்று மாறிவிட்டால், பதினாறில் பதினைந்து முறை பணப்பை 'இது பொருந்தாது' என்று மறுத்துவிடும். இருபத்து நான்கு சொற்களாயின் பொறி இன்னும் கண்டிப்பானது. 256இல் ஒருமுறைதான் ஏமாறும்.

இப்பட்டியல் சப்பானியம், கொரியம், சீனம், இசுபானியம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்த்துகீசியம் ஆகிய மொழிகளிலும் அமைந்துவிட்டது. தமிழில் இல்லை. யாரேனும் இளைஞர் முயலலாம். ஆனால் ஆங்கிலப் பட்டியலை மட்டுமே ஏற்கும் பணப்பைகளே மிகுதி என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பட்டியல் இல்லாததால் நம்மவர் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. அதுதான் என் மாணவனை என் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அவன் தன் பன்னிரண்டு சொற்களைத் தமிழ் எழுத்தில், ஒலிப்படி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தான். பிறர் பார்த்தால் விளங்காது என்று எண்ணினானாம். பதினொரு சொற்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு இன்னவை என்று ஐயமின்றித் தெளிந்தோம். ஒன்றுமட்டும் நின்றது: 'பல்ப்'. மின்விளக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பட்டியலில் இருக்கிறது. பழச்சதை, மரக்கூழ் என்று பொருள்படும் சொல்லும் இருக்கிறது. ஒன்று ஒலிப்புடைய எழுத்தில் தொடங்கி முடிவது. மற்றது ஒலிப்பிலா எழுத்தில். தமிழில் இரண்டுக்கும் பகரம் ஒன்றே. வல்லினம் இடத்துக்கேற்ப ஒலி மாறும் என்று வகுப்பில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த இலக்கணத்தின்மேல் ஒருவனுடைய நான்காண்டு உழைப்பு தொங்கி நின்றதை அன்றுதான் கண்டேன்.

அவன் மற்றொரு கைப்பேசியில் அதே பணப்பையை நிறுவிச் சொற்களை இட்டான். மின்விளக்கை இட்டோம், பொருந்தாது என்றது. பழச்சதையை இட்டோம். திரையில் அவன் தொகை எழுந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. என் மனைவியார் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

தனிக் கருவியின் தோற்றம்

இணையத்தில் இணைந்திராத பொறியில் சாவி இருந்தால் கள்ளன் எட்ட முடியாது என்பது எளிய கருத்து. தொடக்கத்தில் இதை நிறைவேற்றியவர்கள் பழைய கணினி ஒன்றைக் கம்பியறுத்து வைத்திருந்தவர்களே. ஆர்மரி என்னும் மென்பொருள் இதற்கு வழிசெய்தது: இணையக் கணினியில் பத்திரம் தயாராகும், குச்சியில் ஏற்றிக் கம்பியறுந்த கணினிக்குக் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கி, மீண்டும் கொண்டுவந்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். காவலுக்குக் குறைவில்லை, ஆனால் யாருக்குப் பொறுமை இருக்கும்?

சொற்பட்டியல் வகுத்த பாலாட்டினுசும் ருஸ்னாக்கும் செக் நாட்டுப் பிராகு நகரில் 2013இல் சத்தோசிலேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 2014இல் அவர்களுடைய டிரெசோர் வாங்கியோர் கைக்குச் சென்றது. செக் மொழியில் டிரெசோர் என்றால் இரும்புப் பெட்டகம் என்று பொருள். அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் லெட்ஜர் நிறுவனம் பிறந்தது. வங்கி அட்டைகளில் உள்ளதை ஒத்த காப்புச் சில்லைத் தன் கருவியில் வைத்தது.

இவ்விரண்டிலும் பொதுவான தத்துவம் யாது? சாவி கருவிக்குள்ளேயே பிறக்கிறது; உள்ளேயே கையொப்பமிடுகிறது; வெளியே வருவது கையொப்பம் ஒன்றே. கருவியில் சிறு திரையும் பொத்தான்களும் உண்டு. கணினி பொய் சொன்னாலும், 'இந்த முகவரிக்கு இவ்வளவு' என்று கருவியின் திரை காட்டுவதைப் பார்த்து உரியவர் பொத்தானை அழுத்தினாலொழியக் கையொப்பம் எழாது. திருடன் கருவியையே தூக்கிச் சென்றால்? எண்பூட்டு உண்டு, லெட்ஜர் கருவி மூன்றுமுறை தவறினால் தன்னை அழித்துக்கொள்ளும். விதைச்சொற்கள் கையிலிருந்தால் வேறு கருவி வாங்கி மீட்கலாம். ஆயினும் 2020 சனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வாளர், டிரெசோர் கருவி கையில் கிடைத்தால் தக்க கருவிகளின் துணையால் பதினைந்து நிமிடத்தில் உள்ளிருக்கும் விதையைப் பெயர்த்தெடுக்கலாம் என்று காட்டினர். சொற்களோடு கூடுதலாக ஒரு மறைத்தொடரும் சேர்த்துக்கொண்டவர்க்கு இவ்விடர் இல்லை. மறைத்தொடரையும் மறந்துவிடும் இடர்தான் உண்டு.

2014 பிப்ரவரியில் தோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் மாற்றகம் ஏறத்தாழ 8,50,000 பிட்காயினைக் காணோம் என்று கதவடைத்ததும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்ததும் மக்களைத் தனிக் கருவியின் பக்கம் துரத்தின. அவ்வரலாறு எல்லாரும் அறிந்ததே, விரிக்கவில்லை.

மாற்றுங்கால்

கருவி வந்துவிட்டது. மாற்றுவது எவ்வாறு? என் மாணவன் கேட்ட முதல் வினா இது: "ஐயா, இந்தப் பன்னிரண்டு சொல்லையே புதுக் கருவியில் போட்டுவிடலாமே? அனுப்பும் கட்டணம் மிச்சமாகும்." இவ்வாறே பலரும் எண்ணுகின்றனர். பொறி ஏற்றுக்கொள்ளவும் கூடும். ஆயினும் இது பழைய பூட்டின் சாவியைப் புதிய இரும்புப் பெட்டியில் வைப்பதுபோன்றது. சாவியின் படி வேறெங்கோ இருந்தால் பெட்டியால் ஆவதென்ன? கைப்பேசியில் ஒருகால் இருந்த விதை, கைப்பேசி அளவுக்கே பாதுகாப்பானது.

படியெடுக்கப்படவே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், அந்த விதை நன்கு பிறந்ததா என்பது தெரியாது. 2013 ஆகஸ்டில் ஆண்டிராய்டு கைப்பேசிகளின் தற்செயல் எண் பிறப்பிக்கும் உறுப்பில் குறை இருப்பது வெளிப்பட்டது. அக்கைப்பேசிகளில் பிறந்த சாவிகள் ஊகிக்கத்தக்கனவாயின. பணப்பைகளைச் செப்பனிட்டு, புதுச் சாவி உண்டாக்கி, தொகை முழுவதையும் அதற்கு மாற்றுமாறு அறிவுறுத்தப்பட்டது. பத்தாண்டு கழித்து 2023இல் லிப்பிட்காயின் என்னும் கருவித்தொகுப்பில் இதேபோன்ற நோய் தெரிந்தது. அதன் ஒரு கட்டளை, நேரத்தைக் கொண்டு 32 பிட்டளவே உள்ள விதையைப் பிறப்பித்தது. அத்தகைய விதைகள் 429 கோடிதாம். ஒரு கணினி சில நாளில் எண்ணிவிடும். பலருடைய பணம் போயிற்று. நேரம் சுழியமாக இருந்தால் பிறக்கும் தொடரின் முதலிரு சொற்களைக் கொண்டு இக்குறைக்கு 'மில்க் ஸாட்' என்று பெயரிட்டனர். 'பால்', 'துயரம்' என்பன அச்சொற்களின் பொருள். பால்மரக் காட்டில் வளர்ந்த எனக்கு அப்பெயர் மறக்கவில்லை.

எனவே புதுக் கருவி தானே புதுச் சொற்களைப் பிறப்பிக்க வேண்டும்; பழைய சாவியின் தொகையைப் புதிய முகவரிக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் போகட்டும்.

'தானே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2018இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒருவர் இணையச் சந்தையில் யாரோ ஒருவரிடம் லெட்ஜர் கருவி வாங்கினார். பெட்டிக்குள் சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்று. சுரண்டினால் இருபத்து நான்கு சொற்கள். நிறுவனமே தந்தது என்றெண்ணி அவற்றையே பயன்படுத்தினார். விற்றவனிடம் அச்சொற்களின் படி இருந்தது. சேமிப்பு முழுதும் மறைந்தது. கருவி நல்ல கருவியே. சொல்தான் பிறருடையது.

அடுத்து, கருவியின் திரையில் தோன்றும் சொற்கள் தாளுக்கு மட்டும் செல்ல வேண்டும். கைப்பேசியில் படமெடுக்கலாகாது, கணினியில் தட்டலாகாது. 2021இல் ஆப்பிள் கடையில் டிரெசோர் பெயரால் ஒரு போலிச் செயலி இருந்தது. அதில் சொற்களை இட்ட ஒருவர் 17 பிட்காயினை இழந்தார். 2023 நவம்பரில் மைக்ரோசாப்ட் கடையில் லெட்ஜர் பெயரால் போலி. 16 பிட்காயினுக்கு மேல் போயிற்று. பெரிய நிறுவனத்தின் கடை என்பதால் நம்பினார்கள் பாவம். இன்னும் கொடியது, லெட்ஜர் நிறுவனத்திடமிருந்து கசிந்து 2020 திசம்பரில் வெளிப்பட்ட வாடிக்கையாளர் பட்டியல். ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு அவர்களுள் சிலருக்கு, 'உங்கள் கருவி பழுது. இதைப் பயன்படுத்துங்கள்' என்ற கடிதத்தோடு போலிக் கருவிகளே அஞ்சலில் வந்தன.

சொற்களை எழுதியாயிற்று. உடனே பணத்தை அனுப்பலாமா? இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகின்றனர். பணம் வருமுன் கருவியை வேண்டுமென்றே அழித்து, தாளிலுள்ள சொற்களால் மீட்டுப் பார்க்க வேண்டும். முன்பு காட்டிய அதே முதல் முகவரி மீண்டும் தோன்ற வேண்டும். நான் இதைச் சொன்னபோது என் மாணவன் விழித்தான். "நல்லாயிருக்கிறதை ஏன் ஐயா அழிக்கணும்?" 'பல்ப்' என்றேன். உடனே அழித்தான். இம்முறை சொற்களை ஆங்கில எழுத்தில், நான் மாணவர்க்குச் சொல்வதெழுதுதல் நடத்துவதுபோல், எழுத்தெழுத்தாக எழுதவைத்தேன். வாய்விட்டு ஓதவில்லை, சன்னலையும் சாத்தினோம்.

முகவரியை ஒப்பிடுவது அடுத்தது. நீண்ட முகவரியைக் கையால் தட்டுவார் யாருமில்லை; படியெடுத்து ஒட்டுகிறோம். ஒட்டும்போது முகவரியை மாற்றிவிடும் நச்சுநிரல்கள் பல. 2017இல் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் கண்டறிந்த ஒன்று, சத்தமின்றி 23 பிட்காயின் சேர்த்திருந்தது. ஆகவே கணினித் திரையை நம்பாது, கருவியின் சிறு திரையில் தோன்றும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். தொடக்கமும் முடிவும் ஒத்தால் போதுமென்று விடுவது தவறு. 2024 மே மாதம் எதீரியம் வலையில் ஒருவர் 1,155 'சுற்றிய பிட்காயின்'களை மாற்ற முனைந்தார். மதிப்பு ஏறத்தாழ 6.8 கோடி டாலர். முன்னெச்சரிக்கையாகச் சிறு தொகை அனுப்பிச் சோதித்தார். அதைப் பார்த்திருந்த கள்ளன், முதலும் முடிவும் ஒத்த போலி முகவரியொன்றை ஆக்கி, அதிலிருந்து ஒரு வெறும் பரிமாற்றத்தை அவர் வரலாற்றில் நுழைத்தான். அவர் வரலாற்றிலிருந்து முகவரியைப் படியெடுத்தார். முழுத்தொகையும் கள்ளனிடம் சென்றது. சில நாளில் பெரும்பகுதி திரும்ப வந்தது அவருடைய நற்பேறு.

2010இல் ஒருவரைக் கெடுத்தது சோதனை. 2024இல் மற்றொருவரைக் கெடுத்ததும் சோதனையே. அதற்காகச் சோதனை வேண்டாமென்று சொல்வேனோ? முதலில் சிறு தொகை அனுப்பி, அது கருவியில் வந்து சேர்ந்ததைக் கண்டு, பிறகு பெருந்தொகை அனுப்புவதே முறை. ஆனால் இரண்டாம் முறையும் முகவரியைக் கருவியிடமிருந்தே புதிதாகப் பெற வேண்டும். பழைய வரலாற்றிலிருந்து எடுக்கலாகாது. இரண்டுமுறை கட்டணம் ஆகுமென்பது உண்மை. 2017 திசம்பர் நெருக்கடியில் சராசரிக் கட்டணமே ஐம்பது டாலரைத் தாண்டியது. அத்தகைய நாளில் சிறு சேமிப்பாளர் பொறுத்திருப்பதே நன்று. பிட்காயினல்லாத நாணயங்களுக்கு எந்த வலையில் அனுப்புகிறோம் என்பதும், அவ்வலையின் கட்டணக் காசு கையிலிருக்கிறதா என்பதும் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை.

கருவிக்கு மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்று கேட்பீர்கள். 2025 பிப்ரவரி 21ஆம் நாள் பைபிட் என்னும் மாற்றகம் ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதரை இழந்தது. வடகொரியரின் செயலென்று அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை அறிவித்தது. கையொப்பமிட்ட அதிகாரிகளிடம் தனிக் கருவிகள் இருந்தன. ஆயின் அவர்கள் பார்த்த இணையத் திரை பொய்த் தோற்றம் காட்டியது. கருவியின் திரையோ சிக்கலான அந்த ஆவணத்தின் உட்பொருளைப் படிக்கத்தக்க வடிவில் காட்டவில்லை. படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைத்த கதைதான். நம் தோட்டத்து முன்னோர் ஒப்பந்தத் தாளில் பெருவிரல் பதித்தது என் நினைவுக்கு வந்தது. எழுதப்படிக்கத் தெரியாமை அவர்க்கு ஒரு காரணமாக இருந்தது.

என் மாணவன் அன்று மாலை முதலில் ஐம்பது வெள்ளி மதிப்புள்ள தொகையை அனுப்பினான். பேரேட்டில் அது ஏற ஏறக்குறைய அரைமணி நேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். பின்னர் மிச்சத் தொகைக்குப் புது முகவரி பெற்றோம். அவன் கருவித் திரையைப் படிக்க, நான் கைப்பேசித் திரையை விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டேன். வருகைப் பதிவேடு சரிபார்ப்பதுபோல் இருந்தது. பொத்தானை அவனே அழுத்தினான். இரவு உணவுக்குப் பின் முழுத்தொகையும் வந்து சேர்ந்திருந்தது.

புறப்படும்போது நோட்டுப் புத்தகத்தின் பழைய பக்கத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தப் பழைய முகவரியை அவன் நண்பர் இருவரிடம் முன்பு கொடுத்திருக்கிறான். அவர்கள் அறியாமல் அதற்கே பணம் அனுப்பினால் எடுக்க அச்சொற்கள் வேண்டும். 'பல்ப்' என்று எழுதியிருந்த இடத்துக்கு அருகில் ஆங்கிலச் சொல்லைத் தெளிவாக எழுதிக்கொண்டான். புதுச் சொற்கள் எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவைக்க முயன்றான். அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் தாயார் இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார்; அந்தத் தாள் எதற்கென்று அவருக்குச் சொல்லிவை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.